ஸ்லாப் நாணயங்களுக்கு ஒரு காய்ந்த டப்பா: சென்னை வீட்டில் செய்து பார்த்தது

வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டி, அறைக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்ட நாட்களிலும் டப்பாவுக்குள் இருந்த மீட்டர் 38ஐத் தாண்டவில்லை. அதற்கு முந்தைய கோடையும் அப்படியே கழிந்ததால், செய்முறையை வரிசையாக எழுதி வைக்கலாம். உள்ளே இருப்பவை 40 ஸ்லாப்கள், அதாவது தர நிர்ணய நிறுவனம் சோதித்துத் தரம் (கிரேடு) கொடுத்து, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தந்த நாணயங்கள்: 1835ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி கால் அணா போன்ற செம்புக் காசுகள், 1862 முதலான விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்கள், 1940களின் பாதி வெள்ளி ரூபாய்கள், 1947 நிக்கல் ரூபாய். இடம் சென்னை, கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லாத அடுக்குமாடி வீடு. காய்ந்த ஊர்க்காரர்களுக்கு இதில் பாதி வேலை தேவைப்படாது.

ஸ்லாபுக்குள் போய்விட்டால் நாணயம் பத்திரம் என்பது பாதிதான் உண்மை. விரல் படாமல், கீறல் விழாமல், ஆள் மாறாமல் பார்த்துக்கொள்ள ஸ்லாப் நல்ல காவல். காற்றை அது தடுப்பதில்லை. பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனங்களின் கூடுகளும் காற்றுப் புகாதவை அல்ல. பகலில் அறை சூடேறும்போது உள்காற்று விரிந்து விளிம்பு வழியே கொஞ்சம் வெளியே போகும், இரவில் குளிரும்போது வெளிக்காற்று உள்ளே வரும். வருகிற காற்றில் ஈரமும் கந்தக வாயுவும் இருந்தால் வெள்ளி கறுக்கும், செம்பில் புள்ளி விழும். செம்பின் நிற மாற்றம் பிசிஜிஎஸ்ஸின் உத்தரவாதத்துக்குள் வருவதும் இல்லை.

இந்தியாவில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 100 ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. 1862 ரூபாயின் ஸ்லாப் விரிசல் விட்டாலோ உள்ளே கறை வந்தாலோ, அமெரிக்காவுக்கு அனுப்பிப் புதுக் கூடு போட்டு வாங்கும் வழி அடைபட்டதாகத்தான் அர்த்தம். எனவே நாணயத்தோடு சேர்த்து ஸ்லாபையும் காப்பாற்ற வேண்டும்.

முதலில் மீட்டர்

டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கிய அன்றே அதை நம்பக் கூடாது. இரண்டு மீட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 6, 7 சதவீதம் வித்தியாசம் காட்டுவது சாதாரணம். சோதிக்க அடுக்களை உப்பே போதும். சோடா பாட்டில் மூடியில் அரை ஸ்பூன் உப்பு போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேலே தண்ணீர் தேங்கினால் அதிகம். மூடியையும் மீட்டரையும் சின்ன லாக் டப்பாவில் வைத்து, வெயிலும் ஏசியும் படாத இடத்தில் ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். உள்காற்று 75 சதவீதத்தில் போய் நிற்கும். நம் ஊர் வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி ஏறி இறங்கினாலும் இந்த எண் பெரிதாக மாறாது. ஒரு மீட்டர் 71 காட்டியது, இன்னொன்று 77. பின்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி அதில் திருத்தத்தை எழுதிவிட்டால் ஆயிற்று.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மலிவு மீட்டர்கள் 75இல் சரியாக இருந்து 35இல் தப்பாக இருக்கக் கூடியவை, நமக்கு வேண்டியதோ 35 பக்கம். மக்னீசியம் குளோரைடு உப்பை இதே பதத்தில் வைத்தால் காற்று 33 சதவீதத்தை ஒட்டி நிற்கும். பாரிமுனை கெமிக்கல் கடைகளில் சிறு பொட்டலம் கிடைக்கும். இந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும் என்பதால் தண்ணீர் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம், பொட்டலத்தையும் உடனே இறுக்கிக் கட்டிவிட வேண்டும். 75இல் நான்கு குறைவாகக் காட்டிய மீட்டர் இங்கே ஒன்று மட்டும் அதிகமாகக் காட்டியது. நான்கைக் கூட்டிக்கொண்டே போயிருந்தால் கடைசிவரை தப்பான எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இடம்

நாணயம் என்றாலே வீட்டில் பீரோதான். அதே பீரோவில்தான் பட்டுப்புடவையும், புடவைக்கு நடுவே பாச்சை உருண்டையும் இருக்கும். ஸ்லாபுக்கு இதைவிடக் கெட்ட துணை கிடையாது. ஸ்லாபின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன் வகை, அதாவது தெர்மாகோலின் உறவுக்காரன் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். பாச்சை உருண்டையின் ஆவி அந்தப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மூடிய பீரோவில் மாதக்கணக்கில் இருந்தால் ஸ்லாபின் பளபளப்பு போய் மேற்பரப்பு பிசுபிசுக்கும். சூடம் போட்டு வைக்கும் பழக்கமும் வேண்டாம். உருண்டையை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, வாசனை போகும்வரை பீரோவைத் திறந்து போட வேண்டும்.

வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி மழையில் ஓதம் இழுக்கும். சமையலறைச் சுவருக்கு மறுபக்கம் சூடு ஏறும். பரணில் மே மாதம் கை வைக்க முடியாது. குளியலறைப் பக்கம் பேச்சுக்கே இடமில்லை. கடைசியில் படுக்கையறையின் உள்சுவர் அலமாரியில், தரையிலிருந்து நாலரை அடி உயரத் தட்டு ஒதுக்கப்பட்டது. இது முதல் மாடி வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில், தரைத்தள வீட்டுக்காரர்கள் கீழ்த்தட்டில் எதையும் வைக்காமல் இருப்பது நல்லது.

கந்தக வாயு எங்கிருந்து வரும் என்பதையும் பார்க்க வேண்டும். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கம் மூக்கைப் பிடிக்க வைக்கும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. வெள்ளியைக் கறுக்க வைப்பதில் அதற்கு முதலிடம். வீட்டுக்குள்ளே ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, ரப்பர் ஒட்டுப் பசை எல்லாமே கந்தகம் உள்ளவை. தீபாவளி வாரத்தில் டப்பாவைத் திறக்காமல் இருந்துவிடுவது உத்தமம்.

டப்பாவும் உள்ளே போகிறவையும்

20 ஸ்லாப் பிடிக்கும் நீளப் பெட்டி ஏறக்குறைய 24 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம் வரும். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைக்கும் மீட்டருக்கும் இடம் விட்டால் 10 லிட்டர் டப்பா சரியாக இருக்கும். நான்கு பக்கமும் கிளிப் போடும், மூடியில் சிலிகோன் வளையம் உள்ள, கண்ணாடி போலத் தெரியும் மளிகை டப்பாதான். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன். அது நல்லது. 3 என்றால் பிவிசி. அதைக் கடையிலேயே விட்டுவிட வேண்டும். பிவிசியை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் காலப்போக்கில் கசியும், பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வரும். பழைய காயின் ஆல்பங்களில் செம்பின் மேல் பச்சையாக ஒட்டுமே, அது இந்தக் கூட்டணியின் வேலை.

எண் எதுவும் போடாத உறைகளுக்கு நெருப்புச் சோதனை உண்டு. ஒரு சாண் செம்புக் கம்பியை இடுக்கியில் பிடித்து, கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் பச்சை நிறம் எதுவும் தெரியாத அளவுக்குச் சிவக்கச் சுட வேண்டும். சூடான நுனியால் பிளாஸ்டிக்கைத் தொட்டுச் சிறிது உருகி ஒட்டவைத்து, மறுபடி சுடரில் காட்ட வேண்டும். பளிச்சென்று பச்சைச் சுடர் வந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது. பச்சை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் முதலில் வீட்டு ஒயரின் மேலுறையைத் தொட்டுப் பார்க்கலாம். அது பிவிசியேதான், ஐயத்துக்கு இடமில்லாமல் பச்சை காட்டும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், புகையை முகரக் கூடாது, நாணயங்கள் அந்த அறையில் இருக்கக் கூடாது. ஸ்லாபுக்குப் போட வாங்கிய இரண்டு வகை உறைகளில் தடிமனான, வாசனை அடித்த வகை பச்சை காட்டியது. சரசரவென்று சத்தம் போடும் மெல்லிய வகை காட்டவில்லை. ஏறக்குறைய எப்போதுமே இப்படித்தான் இருக்கும், மூக்கே பாதிச் சோதனைச்சாலை.

நெருப்புச் சோதனை குளோரினை மட்டும்தான் பிடிக்கும். பஞ்சு, அட்டை, பசை, பெயின்ட் விடும் மற்ற வாயுக்களுக்கு அருங்காட்சியகங்களில் ஒரு சோதனை உண்டு. பொருளோடு செம்பு, வெள்ளி, ஈயத் துண்டுகளை ஈரம் நிறைந்த குடுவையில் அடைத்து 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம். ஜாம் பாட்டில்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் மணல்தாளால் தேய்த்துப் பளபளக்க வைத்த செம்புக் கம்பித் துண்டும், வெள்ளிக்கடையில் கேட்டு வாங்கிய தகட்டுத் துண்டும். ஓரத்தில் ஈரப் பஞ்சு வைத்த சின்ன மூடி. முதல் பாட்டில் வெறுமை, அது ஒப்பிட. இரண்டாவதில் டப்பாவோடு வந்த கறுப்பு ஸ்பாஞ்ச், மூன்றாவதில் பிளைவுட் துண்டு, நான்காவதில் பார்சலில் வரும் வெள்ளை இபிஇ (பாலிஎத்திலீன்) நுரைத்தாள். கம்பியை ஸ்பிரிட்டில் துடைத்த பிறகு கையால் தொடக் கூடாது. தொட்டால் விரல் ரேகைதான் முதலில் கறுத்துத் தெரியும். சில வாரம் கழித்துப் பார்த்ததில் வெறும் பாட்டிலும் நுரைத்தாள் பாட்டிலும் ஒன்றுபோல லேசாக மங்கியிருந்தன. பிளைவுட் பாட்டில் செம்பு பழுப்பாகிவிட்டது. ஸ்பாஞ்ச் பாட்டிலில் வெள்ளியின் ஓரம் மஞ்சளாகி, நடுவை நோக்கி நீலம் ஓடியிருந்தது. ஸ்பாஞ்ச் குப்பைக்குப் போனது. டப்பாவின் அடியில் 5 மி.மீ. இபிஇ தாள் வெட்டிப் போடப்பட்டது. தேக்குப் பெட்டி, வெல்வெட் தட்டு எல்லாம் பார்க்க அழகு. ஆனால் மரமும் அதை ஒட்டிய பசையும் அமில ஆவி விடும் என்பதால் மூடிவைக்க அவை வேண்டாம்.

ஜெல்

ஒரு கணக்கு. 30 டிகிரியில் 75 சதவீத ஈரம் உள்ள காற்று 10 லிட்டர் எடுத்தால் அதில் தண்ணீர் கால் கிராம்கூட இல்லை. மருந்து பாட்டிலில் வரும் பொட்டலம் நாலைந்து போட்டால் போதாதா என்று இதைப் பார்த்தால் தோன்றும். போதாது. ஈரம் காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு காகிதத்திலும் அட்டையிலும் துணியிலும் ஒளிந்திருக்கிறது, தவிர மூடி இடுக்கில் தினமும் கொஞ்சம் வந்துகொண்டே இருக்கும். அருங்காட்சியகக் காட்சிப் பேழைகளுக்குச் சொல்லும் அளவு ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ. 10 லிட்டருக்கு அது 200 கிராம் ஆகிறது. அதையே எடுத்துக்கொண்டோம்.

நிறம் மாறும் ஜெல்லில் இரண்டு வகை. நீலத்திலிருந்து ரோஸ் ஆவதில் கோபால்ட் இருக்கிறது, அது நச்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். ஆரஞ்சிலிருந்து பச்சை ஆவதை வாங்கலாம். நிறத்தைவிட நம்பகமானது எடை. நன்கு காய்ந்த ஜெல் 200 கிராமைக் காடாத் துணிப் பையில் கட்டி, பையோடு சேர்த்து எடை போட்டு, அந்த எண்ணைப் பையிலேயே மார்க்கரில் எழுதிவிட வேண்டும். பை எடை 8 கிராம், மொத்தம் 208. இது 238 ஆனால் ஜெல்லை வறுத்து ஈரத்தைப் போக்கும் நேரம் வந்துவிட்டது. அதாவது உலர் எடையில் 15 சதவீதம் தண்ணீர் குடித்திருக்கிறது. ஜெல்லின் தரம் கடைக்குக் கடை மாறும் என்பதால் மீட்டரும் அதே நேரத்தில் ஏறுகிறதா என்று முதல் சுற்றில் பார்த்து எல்லையைச் சரிசெய்துகொள்ளலாம். துணி துவைத்ததாக, கஞ்சி போடாததாக இருக்க வேண்டும். கஞ்சித் துணியில் பூஞ்சை பிடிக்கும். நைலான் வலைப்பை வேண்டாம், ஜெல்லின் தூள் அதன் வழியே கொட்டி ஸ்லாபின் மேல் படியும். அந்தத் தூளைத் துணியால் துடைத்தால் மணல்தாள் போட்ட மாதிரி கீறிவிடும்.

வறுப்பதற்கு ஓடிஜி அடுப்பு, எவர்சில்வர் தட்டு, ஜெல்லை ஒரே அடுக்காகப் பரப்பி 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம். 150 தாண்டினால் சாயம் கருகி நிறம் காட்டுவதே நின்றுவிடும். இரும்புக் கடாயில் சின்னத் தீயில் வறுத்ததில் அடி கருகியது, மேலே ஈரம் அப்படியே இருந்தது, போதாக்குறைக்குத் தாளித்த வாசனையை ஜெல் குடித்துவிட்டது. அந்த வாசனை டப்பாவுக்குள் போவதற்கு வெங்காயத்தையே உள்ளே வைக்கலாம். வறுத்த தட்டை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. சூடு ஆறும்வரை ஜெல்லை மூடிய கண்ணாடி பாட்டிலில் வைக்க வேண்டும். திறந்து ஆறவிட்டால் ஆறுவதற்குள் மறுபடி ஈரம் குடிக்கத் தொடங்கிவிடும், சூட்டோடு டப்பாவில் போட்டால் ஸ்லாபுக்குக் கேடு.

ஜெல் தண்ணீரைத்தான் இழுக்கும். கந்தக வாயுவுக்குக் கரி வேண்டும். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் தேங்காய்ச் சிரட்டை ஆக்டிவேட்டட் கார்பன் 50 கிராம், இரட்டைத் துணிப் பையில், டப்பாவின் எதிர் மூலையில். தூள் கறுப்பு என்பதால் ஒற்றைத் துணி தாங்காது. இதை வறுத்துப் புதுப்பிக்க முயலாமல் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம்.

பீரோவில் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சும் பைகளை நாணயத்தின் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது. அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. ஈரத்தை இழுத்து உப்புத் தண்ணீராகிக் கீழே தேங்கும். பை ஓட்டையானால் குளோரைடுக் குளியல்தான். செம்புக்குக் குளோரைடு என்ன செய்யும் என்பது மண்ணிலிருந்து எடுத்த பழங்காசுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளிர் பச்சைப் பொடியாகக் களிம்பு பூத்து, காசையே அரித்துத் தின்னும். ஈரம் 42 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த அரிப்பு ஏறக்குறைய அடங்கிக் கிடக்கும். டப்பாவுக்கு 35 முதல் 40 என்று எல்லை வைத்தது இந்தக் காரணத்துக்காகத்தான்.

இறங்காத ஈரம்

எல்லாம் வைத்து மூடியபின் மீட்டர் 74இலிருந்து 52 வரை இறங்கி அங்கேயே நின்றது. ஜெல்லோ ஒரு வாரத்தில் 19 கிராம் ஏறியிருந்தது. காற்றில் இருப்பது கால் கிராம் என்றால் 19 கிராம் எங்கிருந்து வந்தது?

முதல் காரணம் அட்டை. ஸ்லாப்கள் ஆடாமல் இருக்க இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே மடித்துச் செருகிய பார்சல் அட்டை, மழைக்காலத்தில் வாங்கியது, ஈரம் நிறைந்தது. அதை எடுத்துவிட்டு நுரைத்தாள் வைத்ததும் மீட்டர் 45க்கு வந்தது. இரண்டாவது காரணம் மூடி. ஜெல் பையைக் கட்டிய நூலின் வால் சிலிகோன் வளையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே மாட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி, ஆனால் 24 மணி நேரமும் திறந்த கதவு. இதைக் கண்டுபிடிக்க வழி சுலபம்: செய்தித்தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, விளிம்பில் வைத்து மூடிக் கிளிப் போட்டு இழுக்க வேண்டும். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இப்படிப் பார்த்ததில், நூல் மாட்டிய மூலையில் மட்டும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. நூலை வெட்டி, வளையத்தைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, காயவைத்துப் போட்டபின் அங்கேயும் தாள் கிழிந்ததே தவிர வரவில்லை. இப்போது ஜெல் மாதத்துக்கு 3, 4 கிராம் ஏறுகிறது. அந்தக் கணக்கில் வருடத்துக்கு இரண்டு முறை வறுத்தால் போதும்.

மீட்டரின் முகத்தை டப்பாவின் சுவரைப் பார்த்து வைத்திருப்பதால் திறக்காமலே எண்ணைப் படிக்கலாம். பார்ப்பதற்காகத் திறக்கும் பழக்கம்தான் ஜெல்லின் முதல் எதிரி. திறக்கத்தான் வேண்டும் என்றால் ஏசி அரை மணி ஓடிய அறையில் திறக்கலாம். 24 டிகிரியில் 50 சதவீத ஈரம் உள்ள அறைக் காற்றில், வெளியே 32 டிகிரி 70 சதவீதக் காற்றில் இருப்பதில் பாதிக்கும் குறைவான தண்ணீர்தான் இருக்கிறது.

டப்பாவுக்குள்ளே ஒரு சாட்சியும் இருக்கிறது. பளபளப்பாகத் தேய்த்த வெள்ளித் தகடும் செம்புக் கம்பியும் ஒரு திறந்த மூடியில். இதே மாதிரி இன்னொரு ஜோடி அலமாரித் தட்டில், வெளியே. வெளி ஜோடியில் வெள்ளி மஞ்சளித்துப் பழுப்பாகிவிட்டது, உள் ஜோடி இன்னும் புதுசு போல இருக்கிறது. மீட்டர் ஈரத்தை மட்டும் சொல்லும். கந்தகம் புகுந்தால் சொல்லப்போவது இந்தத் தகடுதான். தேய்த்துச் சுத்தம் செய்வது இந்தச் சாட்சித் துண்டுகளுக்கு மட்டும். சேகரிப்பு நாணயத்தைத் தேய்த்தால் அதன் கதை முடிந்தது.

ஸ்லாபின் மேல்

ஒவ்வொரு ஸ்லாபும் மெல்லிய பாலிபுரோப்பிலீன் உறைக்குள். விளிம்பைப் பிடித்து எடுப்பது, துடைக்க வேண்டுமானால் முதலில் கேமராக் கடை ஊது பல்பால் தூசியை ஊதிவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணி. கடைக்காரர் விலைச்சீட்டு ஒட்டிய பசை சில ஸ்லாபில் இருக்கும். அதை எடுக்க வீட்டில் முதலில் கைக்கு வருவது நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல், தின்னர், நீலகிரித் தைலம். ஒன்றையும் தொடக் கூடாது. ஆரஞ்சுத் தோலைத் தெர்மாகோல் மேல் பிழிந்து பார்த்தால் காரணம் புரியும், அந்த எண்ணெய் பட்ட இடம் குழி விழும். பசைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சி போதும். ஒற்றி, நேரம் கொடுத்து, உருட்டி எடுக்க வேண்டும். கூடு ஒட்டிய விளிம்பின் பக்கம் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உள்ளே இழுத்துவிட்டால் வெளியே எடுக்க வழியில்லை.

லாக்கர், தீ, காகிதம்

விலை கூடியவை வங்கி லாக்கருக்குப் போய்வரும். குளிரூட்டிய லாக்கர் அறையிலிருந்து 24 டிகிரியில் இருக்கும் ஸ்லாபை எடுத்து, 32 டிகிரி 70 சதவீத ஈர வெயிலில் பையைத் திறந்தால் நாணயத்தின் மேல் பனி படியும், ஏனென்றால் அந்தக் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஏறக்குறைய 26 டிகிரி. ஸ்லாபின் உள்ளேயும் படியலாம். லாக் டப்பாவிலேயே மூடி எடுத்து வந்து, வீட்டில் இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுத் திறக்க வேண்டும். லாக்கர் பொருள் தீயிலோ திருட்டிலோ வங்கி ஊழியரின் மோசடியிலோ போனால், 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்குவரைதான். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அதுவும் இல்லை. 3,000 ரூபாய் வாடகை என்றால் மூன்று லட்சம். உள்ளே வைக்கும்போதே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

தீக்காப்புப் பெட்டகம் வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். காகித ஆவணங்களுக்கான பெட்டகம் உள்வெப்பத்தை 177 டிகிரிக்குள் வைத்திருப்பதாகத்தான் தரச்சான்று பெறுகிறது. காகிதம் பிழைக்கும், பாலிஸ்டைரீனோ 100 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும். வெள்ளிக்கு 961 டிகிரிவரை கவலையில்லை, ஆனால் உருகிய பிளாஸ்டிக் ஒட்டிய நாணயத்துக்கு கிரேடு ஏது? கணினித் தரவுக்கான வகை 52 டிகிரிக்குள் வைத்திருக்கும், அதன் விலையும் எடையும் வேறு ரகம். இரண்டாவது விஷயம், இந்தப் பெட்டகங்களின் சுவருக்குள் இருக்கும் காப்புப்பொருள் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது, மூடிய உள்ளறை வெளி அறையைவிட ஈரமாக இருக்கும். வாங்கினாலும் டப்பாவோடுதான் உள்ளே வைக்க வேண்டும்.

பதிவு: ஒவ்வொரு ஸ்லாபுக்கும் முன்பின் படம், சான்று எண், வாங்கிய தேதி, விலை, ரசீது. படம் எடுக்க ஸ்லாபைச் சற்றுச் சாய்த்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்தால் பிளாஸ்டிக் மினுக்காது. அடுத்த வருடம் அதே சாய்வில் எடுத்து ஒப்பிட்டால் புதுப் புள்ளி உடனே தெரிந்துவிடும். வீட்டுக் காப்பீட்டில் பொதுவான வீட்டுப் பொருள் பிரிவில் நாணயச் சேகரிப்பு தானாக வராது. மதிப்புள்ள பொருள்களுக்கான கூடுதல் பிரிவில் பட்டியல் கொடுத்து, நாணயம் என்ற சொல் பாலிசியில் இருக்கிறதா, விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

செலவும் அடுத்த முறையும்

டப்பா 650, மீட்டர் இரண்டு 600, ஜெல் அரை கிலோ 250, கரி 100, உறை நூறு 150, நுரைத்தாள் 60, மக்னீசியம் குளோரைடு 120. ஆக 1,930 ரூபாய். ஸ்லாப் அடுக்கும் பெட்டிகளும் அடுக்களைத் தராசும் ஏற்கெனவே இருந்தவை.

இனிச் செய்தால் 10 லிட்டர் ஒன்றுக்குப் பதில் 5 லிட்டர் இரண்டு வாங்கலாம். வெள்ளி ரூபாய் ஒன்றைப் பார்க்கத் திறக்கும்போது செம்புக் காசுகளும் சேர்ந்து ஈரக்காற்று குடிப்பது நிற்கும். வெள்ளி டப்பாவில் 100 கிராம் ஜெல்லும் கரி முழுவதும், செம்பு டப்பாவில் 150 கிராம் ஜெல், எல்லை 35க்குக் கீழே. 1940க்குப் பிந்தைய பாதி வெள்ளி ரூபாயில் 40 சதவீதம் செம்பு என்பதால் அவற்றைச் செம்பு டப்பாவில்தான் போட வேண்டும். ஜெல் பையும் டப்பாவுக்கு இரண்டாகத் தைத்துக்கொண்டால், ஒன்று ஓடிஜியில் இருக்கும்போது மற்றது டப்பாவில் இருக்கும்.